முகப்பரு மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும்: வாசகர் கேள்வி – பதில்

கடும் முகப்பருவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை இரத்தப் பரிசோதனையைப் பற்றியே கேட்கின்றன. அதை எதற்காகச் செய்வது, எத்தனை முறை செய்வது, ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற குழப்பம் பலருக்கும் இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். இங்கே தரப்படுபவை பொதுவான விளக்கங்கள். மாத்திரையை நிறுத்துவதையும் அதன் அளவை மாற்றுவதையும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. முகத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாகப் பரு வருகிறது. சில இடங்களில் உடைந்து குழி விழுந்துவிட்டது. தோல் மருத்துவர் ஐசோட்ரெடினோயின் 20 மில்லிகிராம் மாத்திரை தருவதாகச் சொல்லி, முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னார். பருவுக்கு எதற்கு இரத்தப் பரிசோதனை? அவ்வளவு ஆபத்தான மருந்தா?
– ஒரு தாய், மதுரை

பதில்: ஐசோட்ரெடினோயின் வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்பட்ட மருந்து. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கேரி பெக்கும் அவருடைய குழுவினரும், மற்ற மருந்துகளுக்கு அடங்காத கட்டிப் பருக்கள் இதனால் ஆறியதோடு நெடுநாள் திரும்பி வராமலும் இருந்தன என்று 1979 இல் வெளியிட்டார்கள். 1982 இல் அந்நாட்டில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கி, மயிர்க்கால்கள் அடைபடுவதைத் தடுத்து, அங்கே பெருகும் பாக்டீரியாவையும் அழற்சியையும் குறைப்பதால், பருவின் காரணங்கள் அனைத்தையும் ஒருசேரத் தொடுகின்ற மருந்து என்று இதைச் சொல்லலாம். குழித் தழும்பு விழத் தொடங்கிய பிறகு களிம்புகளை மட்டும் நம்பிக் காத்திருப்பது நல்லதன்று. தழும்பைப் பின்னால் சரிசெய்வது பருவைச் சரிசெய்வதைவிடக் கடினம், செலவும் அதிகம். அந்த வகையில் உங்கள் மருத்துவரின் முடிவு பொருத்தமானதே.

இனி பரிசோதனைக்கு வருவோம். இந்த மருந்து கல்லீரலில் சிதைக்கப்படுகிறது. அதோடு, கல்லீரல் இரத்தத்துக்குள் அனுப்பும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவையும் கூட்டி, அது இரத்தத்திலிருந்து அகற்றப்படும் வேகத்தையும் குறைக்கிறது. அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டின்படி இம்மருந்தை உட்கொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ட்ரைகிளிசரைடு உயர்கிறது. ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குக் கல்லீரல் நொதிகள் சற்றே உயர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சிறிய உயர்வுகள். மாத்திரையின் அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, சில சமயம் தொடர்ந்துகொண்டிருக்கும்போதேகூட, இறங்கிவிடுகின்றன. மிகச் சிலருக்கு மட்டும் ட்ரைகிளிசரைடு கணையத்தைப் பாதிக்கும் அளவுக்கு ஏறுகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதாலேயே இரத்தத்தைப் பார்க்கிறோம்.

மருந்து தொடங்குமுன் ஏன் பார்க்க வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். உங்கள் மகனுக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம். குடும்பத்தில் வழிவழியாக ட்ரைகிளிசரைடு அதிகமாக இருக்கலாம். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். தொடக்க எண் கையில் இல்லாவிட்டால், இரண்டு மாதம் கழித்து வரும் எண் மாத்திரையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. வீட்டில் யாருக்கேனும் சர்க்கரை நோய், இளவயது மாரடைப்பு, கணைய அழற்சி இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மகன் மது அருந்துவதுண்டா என்பதையும் அவரிடமே தனியாகக் கேட்க மருத்துவருக்கு இடம் கொடுங்கள்.

கேள்வி: என் மருத்துவர் இரண்டே பரிசோதனைகளை எழுதினார். லேபில் உள்ளவர்களோ, அறுபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் அடங்கிய பேக்கேஜ் செய்துகொள்வதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். இதே மாத்திரையை எடுக்கும் என் தோழி மாதந்தோறும் இரத்தம் கொடுக்கிறாள். எது சரி?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது சரி. தோழியின் மருத்துவர் செய்வதையும் தவறென்று சொல்லமாட்டேன். அது பழைய வழக்கம், சிலருக்குத் தேவையும்கூட. பேக்கேஜ் மட்டும் வேண்டாம்.

இம்மருந்து வந்த காலத்தில் அனுபவம் குறைவாக இருந்ததால், முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனைகள், கொழுப்பின் எல்லா வகைகள் என்று மாதந்தோறும் பார்க்கும் பழக்கம் பல நாடுகளில் வேரூன்றியது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவரின் முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு எண்கள் மாறுவது அரிது என்றும், மாறினாலும் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது என்றும் புலப்பட்டது. 2022 இல் பல நாட்டுத் தோல் மருத்துவர்கள் கூடி எட்டிய கருத்தொற்றுமையின்படி, வேறு நோய் இல்லாத இளவயதினருக்குத் தொடங்குமுன் ஒரு முறையும், மாத்திரை அதன் உச்ச அளவை எட்டியபின் ஒரு முறையும், எஸ்.ஜி.பி.டி. என்னும் கல்லீரல் நொதியையும் ட்ரைகிளிசரைடையும் பார்த்தால் போதும். அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024 இல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டுதலும், கல்லீரல் பரிசோதனையையும் கொழுப்புப் பரிசோதனையையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. நலமாக உள்ளவர்களுக்கு இரத்த அணுக்கள் எண்ணிக்கை தேவையில்லை என்கிறது.

உச்ச அளவு என்பதற்குச் சிறு கணக்கு உண்டு. வழக்கமான முறையில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1 மில்லிகிராம் வரை உயர்த்துவார்கள். மொத்தமாக ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் சேரும்வரை தருவார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தம் 7200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் எடுத்தால் ஆறு மாதம், 20 மில்லிகிராம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு வருடம். நம் ஊரில் பல மருத்துவர்கள் 20 மில்லிகிராம் என்ற குறைந்த அளவிலேயே நீண்ட நாள் தருகிறார்கள்; இரத்தத்தில் ஏற்படும் மாற்றங்கள் மாத்திரையின் அளவைப் பொறுத்தவை என்பதால், அவர்களுக்குத் தொல்லை இன்னும் குறைவு. அளவை 20 இலிருந்து 40 ஆக உயர்த்தும்போது ஒருமுறை பார்த்துக்கொள்வது பொருளுடையது. 20 இலேயே எட்டு மாதமாக நிற்பவருக்கு மாதந்தோறும் ஊசி குத்துவதில் பொருளில்லை.

கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன், மதுப் பழக்கம், கல்லீரலைத் தாக்கக்கூடிய வேறு மருந்துகள், முதல் பரிசோதனையிலேயே உயர்ந்திருந்த எண்கள் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பவர்களுக்கு அடிக்கடி பார்க்கத்தான் வேண்டும். உங்கள் தோழி அந்த வகையினராக இருக்கலாம்.

பேக்கேஜை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் இயல்பு என்று அச்சிடப்படும் எல்லைகள் பெரும்பாலும் நலமாக உள்ளவர்களில் 95 சதவீதத்தினரின் எண்களை வைத்துக் குறிக்கப்படுபவை. அதாவது நலமாக உள்ள நூறு பேரில் ஐந்து பேருக்கு எந்த நோயும் இல்லாமலே அந்த எண் எல்லையைத் தாண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளைச் செய்தால், முழு நலத்துடன் இருப்பவருக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே வரும் வாய்ப்பு 64 சதவீதம். அறுபது பரிசோதனைகளில் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். அந்தத் தேவையற்ற எண்ணைத் துரத்திக்கொண்டு இன்னொரு ஸ்கேன், இன்னொரு மருத்துவர் என்று அலைந்து, கடைசியில் பயத்தில் நல்ல மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு வருபவர்களைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

கேள்வி: மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் ட்ரைகிளிசரைடு 312 என்று வந்திருக்கிறது, தொடங்குமுன் 118 இருந்தது. முதல் நாள் இரவு உறவினர் வீட்டு வரவேற்பில் சாப்பிட்டேன், காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்தேன். மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு விழுங்கச் சொன்னதும் மருத்துவர்தான். கொழுப்பைச் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கொழுப்பு ஏறிவிட்டது என்பது முரணாக இல்லையா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இதில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன, பிரித்துப் பார்த்தால் முரண் இல்லை.

முதலில் எண். ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு. 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200 முதல் 499 வரை உயர்வு. 500-ம் அதற்கு மேலும் மிகை உயர்வு. கணையத்துக்கு ஆபத்து என்ற பேச்சு 500-ஐத் தாண்டும்போது எழுகிறது. 1000-ஐத் தாண்டினால் அது உண்மையான அவசரம். ஆகவே 312 என்பது கவனிக்க வேண்டிய எண். அதைப் பார்த்து இரவுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. அதிலும், சாப்பிட்ட உணவு மிக எளிதாக ஆட்டிவைக்கும் எண்களில் ட்ரைகிளிசரைடு ஒன்று. வரவேற்பு விருந்து இரவு பத்து மணிக்கு மேல் நடந்திருந்தால், காலை எட்டு மணிக்குப் பத்து மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெய் மணக்கும் பிரியாணியும் குலாப் ஜாமூனும் இன்னும் உங்கள் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். மீண்டும் ஒருமுறை, முந்தைய நாள் வீட்டுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்காமல், இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே மதுவைத் தவிர்த்து, இரத்தம் கொடுங்கள். காப்பியும் பாலும் கூடாது. அப்போது வரும் எண்ணை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது, மாத்திரையுடன் சேரும் கொழுப்பு. வழக்கமான ஐசோட்ரெடினோயின் மாத்திரையை வெறும் வயிற்றில் எடுப்பதைவிடக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் உடலில் சேரும் மருந்து இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. இரண்டு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுபவர் எழுதிக்கொடுத்த அளவில் பாதியை வீணாக்கிக்கொண்டிருக்கலாம். அதற்காக எண்ணெயில் பொரித்ததைத் தேட வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டில் ஒரு முட்டையோ, மீன் குழம்போ, சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ போதும். ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் அந்த ஒரு தேக்கரண்டி நெய்க்குப் பெரிய பங்கில்லை. மருந்தே ஏற்றுகிறது; அதற்குத் துணை நிற்பவை சர்க்கரை போட்ட காப்பி, பழரசம், குளிர்பானம், மைதாப் பதார்த்தங்கள், தட்டு நிறையக் குவித்த வெள்ளைச் சோறு, மது ஆகியவை. இவற்றைக் குறைத்து, தினமும் வேகமாக நடந்தாலே பலருக்கு எண் இறங்கிவிடுகிறது. இறங்காவிட்டால் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பார்; மிகச் சிலருக்குக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தைச் சேர்ப்பார்.

பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. மேல் வயிற்றில் கடுமையான வலி எடுத்து, அது முதுகுக்குப் பரவி, வாந்தியும் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: வயது 23. மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். எஸ்.ஜி.ஓ.டி. 148, எஸ்.ஜி.பி.டி. 62. கல்லீரல் கெட்டுவிட்டது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நான் மது அருந்துவதில்லை. அண்மையில்தான் ஜிம்மில் சேர்ந்தேன். பரிசோதனைக்கு முந்தைய நாள் கால் தசைகளுக்கான பயிற்சி செய்தேன்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கடைசி வாக்கியத்தைச் சேர்த்து எழுதியதற்கு நன்றி, விடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசைகளிலும் நிறைய இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி.யோ பெரும்பாலும் கல்லீரலுக்குரியது. மருந்தினால் கல்லீரல் பாதிக்கப்படும்போது பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி. முன்னே நிற்கும், உங்கள் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பழக்கமில்லாத தசைப் பயிற்சிக்குப் பிறகு இப்படி வருவது எதிர்பார்க்கக்கூடியதே. ஐசோட்ரெடினோயின் எடுப்பவர்களுக்குக் கடும் உடற்பயிற்சியின்போது தசை வலியும் தசை நொதி உயர்வும் எளிதில் வருகின்றன என்பதும் நெடுநாளாக அறியப்பட்ட உண்மை.

ஒரு வாரம் எடை தூக்காமல் இருந்துவிட்டு, எஸ்.ஜி.பி.டி.யுடன் சி.கே. எனப்படும் தசை நொதியையும் ஜி.ஜி.டி. என்னும் கல்லீரல் நொதியையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சி.கே. உயர்ந்து ஜி.ஜி.டி. இயல்பாக இருந்தால் கல்லீரலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக எஸ்.ஜி.பி.டி. இயல்பின் உச்ச எல்லையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால் மருத்துவர்கள் மருந்தை நிறுத்திவைக்கிறார்கள். அதற்குக் கீழே சற்றே உயர்ந்திருந்தால் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்கிறார்கள். பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, தசைகள் வீங்கி எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தளர்ந்தாலோ, அது சிறுநீரகத்தைத் தாக்கும் தசைச் சிதைவாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். ஜிம்மில் யாரேனும் உடலை ஏற்றுவதற்கு ஊசியோ மாத்திரையோ கொடுத்தார்களா? ஆண்மை இயக்குநீரைப் போலச் செயல்படும் அந்த ஸ்டீராய்டுகள் கடும் பருவையும் கிளப்பும், கல்லீரலையும் கெடுக்கும். அவற்றை எடுத்துக்கொண்டே பருவுக்கு மாத்திரை விழுங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

கேள்வி: மாத்திரை தொடங்கும் முன்பே பிலிருபின் 1.9 என்று வந்தது. மற்றவை இயல்பு. மஞ்சள் காமாலை என்று பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். இனி பரு மாத்திரை எடுக்கவே முடியாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ரிப்போர்ட்டில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியை இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். உயர்ந்திருப்பது பெரும்பாலும் நேரடியல்லாத வகையாக இருந்து, எஸ்.ஜி.பி.டி.யும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் இன்னொரு கல்லீரல் நொதியும் ஹீமோகுளோபினும் இயல்பாக இருந்தால், அது கில்பர்ட் சிண்ட்ரோம் என்னும் பிறவித் தன்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். நூற்றில் பலருக்கு இது உண்டு. நோய் என்று சொல்வதற்கில்லை. பட்டினி கிடந்தால் இந்த எண் இன்னும் ஏறும் என்பதால், கொழுப்புப் பரிசோதனைக்காகப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் போய் நிற்கும்போதுதான் பலர் இதை முதன்முறையாகக் கண்டுபிடிக்கிறார்கள். மருத்துவர் உறுதிப்படுத்திவிட்டால் இதற்காக ஐசோட்ரெடினோயினைத் தவிர்க்க வேண்டியதில்லை.

பாட்டியின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மாத்திரை தொடங்கியபின் மூலிகைச் சாறு, சூரணம், லேகியம் என எதை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நொதி ஏறினால் எதனால் ஏறியது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். வைட்டமின் ஏ அடங்கிய சத்து மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெயும் கூடவே கூடாது. இந்த மருந்தோடு சேர்ந்து வைட்டமின் ஏ மிகையாகிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, திருமணம் ஆகவில்லை; ஐந்து மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கல்யாணத்துக்குள் முகம் தெளிய வேண்டும் என்று ஐசோட்ரெடினோயின் கேட்டோம். மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார். எங்களுக்கு மிகுந்த சங்கடமாகிவிட்டது. கல்யாணமாகாத பெண்ணிடம் இப்படிக் கேட்கலாமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கேட்கலாம், கேட்டாக வேண்டும். இந்தப் பக்கங்களில் பேசப்படும் பரிசோதனைகள் எல்லாவற்றிலும் எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாதது இது ஒன்றுதான்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த மருந்து உடலில் இருந்தால், கருவுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 20 முதல் 35 சதவீதம் என்று கணிக்கப்படுகிறது. காது, முகம், இதயம், மூளை, நோய் எதிர்ப்புக்குத் தேவையான தைமஸ் சுரப்பி ஆகியவை சிதைந்து உருவாகலாம், கருச்சிதைவும் அதிகம், வெளியே குறை தெரியாமல் பிறக்கும் குழந்தைக்கும் பின்னாளில் அறிவு வளர்ச்சி பின்தங்கலாம். உறுப்புகள் உருவாகும் அந்த வாரங்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிந்திருக்காது. அதனால்தான் அமெரிக்காவில் 2006 முதல் ஐபிளெட்ஜ் என்ற கட்டாயப் பதிவுமுறையை வைத்து, கருவுறக்கூடிய ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்த பிறகே அடுத்த மாதத்துக்கான மாத்திரையைத் தருகிறார்கள். மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இன்னொருவரின் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவது என்ற வழக்கம் வந்தால், ஒருநாள் ஏதோ ஒரு வீட்டில் அது பெருந்துயரமாக முடியும். எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதே உங்கள் மகளுக்குச் செய்யும் மரியாதை என்று கொள்ளுங்கள். மருத்துவர் உங்கள் மகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடவில்லை.

இப்போது நாள்கணக்கைப் பாருங்கள். பரு மாத்திரை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் வரை கருத்தடைப் பாதுகாப்பு இருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் கல்யாணம், முழுச் சிகிச்சைக்கோ ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். அதாவது கல்யாணத்துக்குப் பின்னும் மாத்திரை தொடரலாம். நம் வீடுகளில் மணமான மூன்றாம் மாதமே விசேஷம் உண்டா என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. ஆகவே மகளும் வரப்போகும் மருமகனும் இதைப் பற்றி முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிக்கொண்டு, மகப்பேறு மருத்துவரைக் கேட்டு நம்பகமான கருத்தடை முறையைத் தேர்ந்துகொண்டு தொடர வேண்டும். அல்லது இப்போதைக்கு வேறு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்று வருபவராக இருந்தால், நாள் தள்ளிப்போனதை வைத்து ஊகிக்க முடியாது என்பதால் பரிசோதனை இன்னும் முக்கியம். சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

மாத்திரையை நிறுத்தி மூன்று வருடம் குழந்தை பெறக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தக் கணக்கு சோரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெடின் என்ற வேறு மருந்துக்கு உரியது. ஐசோட்ரெடினோயின் உடலைவிட்டு விரைவாக நீங்கிவிடும்; ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு கருவாகும் குழந்தையை அது பாதிப்பதில்லை, பெண்ணின் கருவுறும் திறனையும் கெடுப்பதில்லை. ஆண்கள் இதை எடுத்துக்கொண்டிருக்கும்போது மனைவி கருவுற்றால் குழந்தைக்கு ஆபத்து என்பதற்கும் ஆதாரமில்லை. ஆனால் அண்ணனின் மாத்திரையைத் தங்கை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வீட்டில் இருந்தால், அட்டையைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: இரத்தப் பரிசோதனை எல்லாம் இயல்பு. ஆனால் மாத்திரை தொடங்கியபின் 17 வயது மகன் யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறான். எந்தப் பரிசோதனையில் இது தெரியும்?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: எதிலும் தெரியாது. பெருந்தொகையான மக்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள், இந்த மருந்து மனச்சோர்வைக் கூட்டுவதாக உறுதிப்படுத்தவில்லை. கடும் பருவே மனத்தை வாட்டும் என்பதும் உண்மை. ஆனாலும் தனிப்பட்ட சிலருக்கு மனநிலை மாறுவது பதிவாகியிருப்பதால், பிரிட்டனில் 2023 இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு இதைத் தொடங்க மருந்து எழுதிக்கொடுக்கும் இருவரின் ஒப்புதல் தேவை என்று விதி வகுத்தார்கள். நீங்கள் இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த மாத்திரையைக் கொடுப்பதா என்று அவரையே கேளுங்கள். மகனிடமும் சுற்றி வளைக்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

பரிசோதனையில் பிடிபடாத இன்னொன்று, விடாத தலைவலியுடன் பார்வை மங்குவது. பருவுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை ஐசோட்ரெடினோயினோடு சேர்த்து எடுத்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடும் வாய்ப்பு உண்டு. பழைய மருந்துச் சீட்டில் மிச்சமிருக்கும் அந்த மாத்திரைகளைச் சேர்த்துப் போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 28 வயது. தாடையைச் சுற்றிவரும் பருவுக்கு ஸ்பைரனோலாக்டோன் 50 மில்லிகிராம் தந்திருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறும் என்று இணையத்தில் படித்தேன். இளநீர் குடிக்கலாமா? மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டுமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: இம்மருந்து சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் சிறுநீரகமும் இதயமும் நலமாக உள்ள இளம்பெண்களிடம், மருந்தை எடுக்காதவர்களைவிட அதிகமாகப் பொட்டாசியம் உயர்வதில்லை என்று 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதன்பின் வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்ற கருத்தே வலுப்பெற்றுவிட்டது. சிறுநீரக நோய், இரத்தக் கொதிப்புக்கான சில மருந்துகள், வயது ஆகியவை சேர்ந்தால் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்ஸசோல் எழுதிக்கொடுத்தாலும் நீங்கள் இதை எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்; அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும்.

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு இளநீரை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? எப்போதாவது ஒன்று குடிப்பதில் தவறில்லை. ஓர் இளநீரில் 500 மில்லிகிராமோ அதற்கு மேலோ பொட்டாசியம் இருக்கலாம் என்பதால், தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுவதும் அதையே குடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பதுண்டு. பொட்டலத்தைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு.

கேள்வி: ஏழு மாதச் சிகிச்சை முடிந்துவிட்டது. முடிந்தபின் ஒரு பரிசோதனை வேண்டுமா? கல்லூரியில் இரத்த தான முகாம் வருகிறது, கொடுக்கலாமா?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: கடைசிப் பரிசோதனை இயல்பாக இருந்திருந்தால் முடிந்தபின் மீண்டும் தேவையில்லை, உயர்ந்திருந்தால் இறங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த தானத்தைக் கடைசி மாத்திரையிலிருந்து ஒரு மாதம் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். உங்கள் இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் என்பதே காரணம். ஒரு மாதத்துக்குள் முகாம் வந்தால், பதிவுப் படிவத்தில் இந்த மருந்தை எழுதிவிட்டு அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுங்கள்.